அழாத பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம்மவர் பழமொழி. சங்கக் கூட்டத்தில் மேடையேறி இதைச் சொல்லாமல் இறங்கிய பேச்சாளர் அருமை. சம்பளம் கூட வேண்டுமா, வீடு வேண்டுமா, குழாய்த் தண்ணீர் வேண்டுமா, வாய் திறந்து கேள் என்பது அதன் பொருள். நாமும் இந்தப் பகுதியில் பலமுறை அப்படி எழுதியிருக்கிறோம். ஆனால் இன்று நாம் எழுத வந்தது அழுகிற பிள்ளையைப் பற்றி அல்ல. வாயில் ரத்தம் கசிய, உதட்டில் புண் பழுத்துக் கிடக்க, அப்போதும் அழாமல் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துக்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பாதி நிலம் வீடமைப்புக்குப் போய், லயத்தில் எஞ்சியிருப்பது பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். அவற்றில் ஒரு வீட்டில் பசியாறச் சொல்லி உட்கார வைத்தார்கள். பாட்டியின் மடியில் பதினொரு மாதக் குழந்தை. கீழுதடு வீங்கித் தொங்கியது. உள்பக்கம் கிழிந்து வெள்ளையாகப் புண். நாக்கின் நுனியில் சதை குறைந்திருந்தது.

"என்ன பாட்டி இது?" என்றோம்.

"பல்லு மொளைச்சதில இருந்து இப்படித்தான் தம்பி. அதுவே கடிச்சுக்குது. ஆனா அழவே அழாது. ரொம்ப நல்ல பிள்ளை."

தாய் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு கிளினிக்கில் "பல் முளைக்கும்போது இப்படித்தான் இருக்கும்" என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். களிம்பு தீர்ந்தது, புண் தீரவில்லை. இன்னோர் இடத்தில் "பிள்ளையை யார் அடித்தது?" என்று கேட்டார்களாம். பக்கத்து வீட்டிலும் அதே பேச்சு. அத்தோடு அந்தப் பெண் பிள்ளையை எங்கும் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, நான் அடிக்கல. சாமி சத்தியமா அடிக்கல" என்றாள். நாம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு அவள் கேட்டுக் கேட்டு நொந்திருந்தாள்.

அந்தப் பிள்ளை இப்போது ஈப்போவில் டாக்டர் பார்வையில் இருக்கிறது. பல் டாக்டர் கூர்மையான பல் விளிம்பைத் தேய்த்து மழுக்கி, மேலே மருந்துப் பூச்சு வைத்தார். சில வாரங்களில் உதடு ஆறியது. நரம்பில் உள்ள குறை போகவில்லை. அது பூச்சு வைத்துப் போகிற குறையும் அல்ல. ஆனால் பிள்ளை கஞ்சி குடிக்கிறது, எடை ஏறுகிறது. இவ்வளவும் நான்கு மாதம் முன்னதாகவே நடந்திருக்கலாம். அந்த நான்கு மாதத்தைப் பற்றித்தான் நாம் இன்று பேச வேண்டும்.

பல் ஏன் ஆயுதமாகிறது?

சாதாரணப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில் கீழ்வரிசை முன்பல் முளைக்கும். தெரியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டால் சுருக்கென்று வலிக்கும். வீறிட்டு அழும். அடுத்த முறை நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். வலி ஒரு வாத்தியார். அது பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறது.

மூளையிலோ நரம்பிலோ குறை உள்ள பிள்ளைக்கு இந்தப் பாடம் போய்ச் சேருவதில்லை. சில பிள்ளைக்கு வலியே தெரியாது. சில பிள்ளைக்கு வலி தெரியும், ஆனால் தாடை அதன் சொல்பேச்சுக் கேட்காது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான். முளைத்த பல்லே பிள்ளைக்கு ஆயுதமாகிவிடுகிறது. இதை நம் தாய்மார்கள் புரிந்துகொண்டால் பாதிக் கவலை குறையும். ஆகையால் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, மூளை முடக்குவாதம். பிறக்கும்போது மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று இதற்குப் பல காரணம் உண்டு. எல்லாக் கைக்குழந்தைக்கும் ஈறில் எதுவும் பட்டால் கடிக்கும் இயல்பு பிறவியிலேயே இருக்கிறது. மாதம் ஏற ஏற அது தானாக மறையும். மூளை முடக்குவாதப் பிள்ளைக்கு அது மறையாமல் நின்றுவிடலாம். கரண்டி பல்லில் பட்டதும் தாடை பூட்டிக்கொள்ளும். நடுவில் நாக்கு அகப்பட்டால் நாக்கு, உதடு அகப்பட்டால் உதடு.

இரண்டாவது, நாக்கின் அடியில் வரும் புண். கீழ்ப்பல் இரண்டும் நாக்கின் அடிப்பாகத்தில் உரசி உரசிப் புண்ணாகும். இத்தாலி நாட்டு டாக்டர் ரிகா 1881இல் இதை எழுதினார். 1890இல் ஃபேடே என்பவர் மேலும் ஆராய்ந்தார். இருவர் பெயராலும் இதை ரிகா-ஃபேடே நோய் என்கிறார்கள். பிறக்கும்போதே பல்லோடு பிறந்த பிள்ளைக்கும் இது வரும். பல்லோடு பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்மவரில் சிலர் இன்னும் பேசுகிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம், மூவாயிரம் பிள்ளைக்கு ஒன்று அப்படிப் பிறப்பது உலகெங்கும் உள்ளதுதான். குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது, நாக்குக்குத்தான் ஆகாது. பெரும்பாலான பிள்ளைக்கு இந்தப் புண் பல்லின் கோளாறு மட்டுமே. ஆனால் சிலரிடம் இதுவே நரம்புக் கோளாறின் முதல் அடையாளமாக வந்து நிற்கும். அதனால்தான் புண்ணைப் பார்க்கிற டாக்டர் பிள்ளையின் கை கால் அசைவையும் கழுத்து நிற்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பிறவியிலேயே வலி உணராத நிலை. இது அபூர்வம். ஊசி போட்டாலும் அழாது, சுட்டாலும் கையை எடுக்காது. அடுத்தவர் பார்த்து "எவ்வளவு சமத்து!" என்பார்கள். இதில் ஒரு வகையில் பிள்ளைக்கு வியர்வையும் வராது. நம் ஊர் வெயிலில் வியர்க்காத உடம்பு என்னாகும்? காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி அடிக்கும். அழாத, வியர்க்காத, நாக்கையும் விரலையும் கடித்துக்கொள்கிற பிள்ளை என்று மூன்றும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நான்காவது, ஆண் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் வரும் ஒரு பரம்பரை நோய். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லெஷ், நைஹன் என்ற இரு டாக்டர்கள் அண்ணன் தம்பி இருவரிடம் இதைக் கண்டு 1964இல் எழுதினார்கள். உடம்பில் யூரிக் அமிலம் மிதமிஞ்சிச் சேரும். நாப்கினில் செம்மஞ்சள் நிற மணல் போலப் படியும். உட்காரும் வயதில் உட்காராது. பல் வந்த பிறகு, சிலருக்கு ஒரு வயதுக்குள்ளும் சிலருக்கு இரண்டு மூன்று வயதிலும், உதட்டையும் விரலையும் கடிக்கத் தொடங்கும். இந்தப் பிள்ளைக்கு வலி தெரியும். கடித்துக்கொண்டே கதறும். கையைத் துணியால் மெல்லக் கட்டிவிட்டால் நிம்மதியாகச் சிரிக்கும். இதைப் பிடிவாதம் என்றோ பேய்க் கோளாறு என்றோ சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்காதவர்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. கடிப்பதை அந்த மாத்திரை நிறுத்தாது. அதற்கு வாய்க்கும் கைக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

ஐந்தாவது, வலிப்பு. வலிப்பு வரும்போது நாக்கு பல்லுக்குள் சிக்கும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம். ஏனென்றால் இதில்தான் நம்மவர் செய்யும் தவறு அதிகம்.

செய்யக் கூடாதவை

நம் வீட்டுப் பெரியவர்கள் ஆசையோடுதான் செய்கிறார்கள். குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அதைவிடக் குற்றம்.

புண்ணில் தேன் தடவாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகி நரம்பைத் தளர்த்திவிடும். ஏற்கெனவே நரம்பில் குறை உள்ள பிள்ளைக்கு இது இரட்டைக் கேடு. அந்தக் காலத்தில் வாய்ப்புண்ணுக்குப் போட்ட வெங்காரத் தைலத்தை, அதாவது போராக்ஸ் கிளிசரினை, மறந்துவிடுங்கள். வெங்காரம் கைக்குழந்தைக்கு விஷம். அதனாலேயே வலிப்பு வந்த பிள்ளைகள் உண்டு. சுண்ணாம்பு, புகையிலை, சுட்ட வசம்பு, படிகாரம் எதுவும் புண்ணில் வேண்டாம். தொக்கம் எடுப்பதாகச் சொல்லித் தொண்டைக்குள் விரல் விடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

கடையில் விற்கும் மரத்துப்போகும் பல் களிம்பும் வேண்டாம். பென்சோகெய்ன் சேர்ந்த களிம்பை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் போடக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2018இல் எச்சரித்தது. ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போய்ப் பிள்ளை நீலம் பாரித்துவிடும் அபாயம் உண்டு. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து வைப்பதும் கூடாது. ஆடுகிற பல்லில் நூல் கட்டி இழுப்பதும் கூடாது.

வலிப்பு வந்தால் வாய்க்குள் கரண்டி திணிப்பது, பல்லைக் கிட்டிக்க விடாமல் விரலை விடுவது, கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பது, இவை எல்லாம் நம் லயத்தில் கண்ணால் கண்டவை. சாவியால் வலிப்பு நின்றதில்லை; அது தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருக்கும், அவ்வளவுதான். கரண்டியால் பல் உடைந்து மூச்சுக் குழலில் இறங்கும். செய்ய வேண்டியது எளிது. பிள்ளையைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலும், முதல்முறை வந்த வலிப்பானாலும் 999க்குப் போன் செய்யுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான மெல்லிய துணியை நனைத்துப் புண்ணையும் பல்லையும் ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். கடிக்கிற பிள்ளையின் பல்லுக்கு நடுவே விரலை விடாதீர்கள். உங்கள் விரலும் போகும், பிள்ளையும் பயப்படும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதை நிறுத்த வேண்டாம். சப்பிக் குடிக்க முடியாவிட்டால் பீய்ச்சி எடுத்துக் கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் கஞ்சியை ஆற வைத்து, உறைப்பும் புளிப்பும் இல்லாமல் கொடுங்கள். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். முதுகைத் தாங்கி நிமிர்த்தி, மோவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி மடியில் வையுங்கள். உடைகிற பிளாஸ்டிக் கரண்டி வேண்டாம். ரப்பர் போல மெத்தென்று, உடையாமல் இருக்கும் சின்னக் கரண்டியே நல்லது. தாடை பூட்டிக்கொண்டால் கரண்டியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பொறுங்கள், தாடை தளரும்போது எடுங்கள். வலிக்குப் பாராசெட்டமால் கொடுப்பதானால் பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

இன்னொன்று. எல்லார் கையிலும் இப்போது கேமரா போன் இருக்கிறது. தினம் ஒருமுறை புண்ணைப் படம் எடுத்து வையுங்கள். எந்தப் பல் எங்கே படுகிறது, எந்த நேரத்தில் கடிக்கிறது, தூங்கும்போதா, பசியிலா, கோபத்திலா என்று கவனியுங்கள். டாக்டருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

எப்போது ஓட வேண்டும்? அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால். காய்ச்சலோடு முகம் அல்லது கழுத்து வீங்கினால். எச்சில் கூட விழுங்க முடியாவிட்டால். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஈரத் துணி இல்லாவிட்டால், அதாவது மூத்திரம் போகாவிட்டால். மூச்சுவிடச் சிரமப்பட்டால். இதில் ஒன்று கண்டாலும் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல் புண் மட்டும் இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டர் பார்க்காமல் விடக் கூடாது. பிள்ளை தானே கடித்துச் சதை குறைகிறது என்றால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

பல் டாக்டரிடமா? இந்த வயதிலா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நமக்குப் பல் டாக்டர் என்றால் நினைவுக்கு வருவது தமிழ்ப்பள்ளிக்கு வந்த பல் மிஸ்ஸிதான். 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது முதல் அந்த மிஸ்ஸிமார்கள் நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துவந்தார்கள். அவர்களைக் கண்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிய வீரர்களில் நாமும் ஒருவர். ஆகவே பல் டாக்டர் ஏழு வயதுக்கு மேல்தான் என்று மனதில் பதிந்துவிட்டது.

அது தவறு. ஒரே ஒரு பல் முளைத்திருந்தாலும் அந்தப் பல்லால் காயம் வந்தால் பார்க்க வேண்டியவர் பல் டாக்டரே. குழந்தைகளுக்கென்றே படித்த பல் டாக்டர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. பக்கத்து அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடிதம் கொடுக்கத் தயங்கினால் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள்? முதலில் கூர்மையான பல் விளிம்பைத் தேய்த்து மழுக்குவார்கள். அல்லது பல்லின் மேல் உருண்டையாகப் பூச்சு வைத்து மூடுவார்கள். போதாவிட்டால் வாயின் அச்சு எடுத்து மெத்தென்ற கவசம் செய்வார்கள்; உதட்டைப் பல்லிலிருந்து தள்ளி நிறுத்தும் கவசமும் உண்டு. கைக்குழந்தைக்குக் கழற்றி மாட்டும் கவசத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது: கழன்று தொண்டையில் சிக்கலாம். ஆகவே அதை எப்படிப் பொருத்துகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை வளர வளர வாயும் வளரும். இன்று பொருந்தியது சில வாரத்தில் பொருந்தாது. சில பிள்ளைக்குத் தாடைத் தசையின் இறுக்கத்தைக் குறைக்க ஊசியும் போடுகிறார்கள். எதுவும் பலிக்காதபோதுதான் பல்லைப் பிடுங்குவது. அது கடைசி வழி. முதல் நாளே "எல்லாப் பல்லையும் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், வேறு வழி எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்கும் உரிமை தாய் தகப்பனுக்கு உண்டு. அதே சமயம், எல்லாம் செய்து பார்த்துப் பலிக்காமல் நாக்கு போய்க்கொண்டிருந்தால், ஒரு பாற்பல்லுக்காக நாக்கை இழக்கவும் கூடாது.

பல் டாக்டரோடு வேலை முடியாது. குழந்தை டாக்டர் காரணத்தைத் தேட வேண்டும். விழுங்கவும் மெல்லவும் சொல்லிக்கொடுக்கப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். பல் காயத்தை நிறுத்தும். மற்றவர்கள் பிள்ளையை வளர்ப்பார்கள்.

"அவதான் அடிச்சிருப்பா"

இனி நாம் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

நடக்கத் தெரியாத கைக்குழந்தையின் வாயில் காயம் என்றால் டாக்டர் கேள்வி கேட்கத்தான் செய்வார். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளை துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் டாக்டர் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தச் சட்டம் நம் பிள்ளைகளைக் காப்பதற்காக வந்தது. ஆகவே தாய்மார்கள் கேள்வியைக் கண்டு ஓடக் கூடாது. எடுத்த படங்களைக் காட்டுங்கள். கிளினிக் புத்தகத்தைக் காட்டுங்கள். பிள்ளை கடிப்பதை வீடியோ எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். ஓடிய தாயின் மேல்தான் சந்தேகம் கூடும்.

ஆனால் டாக்டர் கேட்பது வேறு. நம் லயத்தார் பேசுவது வேறு. டாக்டர் கேட்டுவிட்டு மருந்தும் தருகிறார். நாம் பேசிவிட்டு என்ன தருகிறோம்? "அவ கவனிச்சிருந்தா இப்படி ஆகுமா", "போன ஜென்மத்துப் பாவம்", "கல்லுமலைக்கு நேர்ந்துகிட்டு செலுத்தாம விட்டுட்டாங்க", இவைதான் நாம் கொடுப்பது. கல்லுமலை முருகனுக்கு நேர்த்திக்கடன் வையுங்கள். யார் வேண்டாம் என்றது? காவடி எடுக்கத் தைப்பூசம் வரை நாள் இருக்கிறது. நாக்குக்கு அவ்வளவு நாள் இல்லை.

முன்பு தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. பெரட்டுக்குப் போகிற தாய் விடியுமுன்னே பிள்ளையைக் கொண்டுபோய் விடுவாள். ஆயாமார் எல்லாம் தெரிந்தவர்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் இருபது பிள்ளைகளை ஒன்றாகப் பார்க்கிற கண்ணுக்கு, எந்தப் பிள்ளை வேறு மாதிரி என்பது தெரிந்துவிடும். "இந்தப் பிள்ளைக்கு இன்னும் தலை நிக்கலியே" என்று முதலில் சொன்னது ஆயாதான். அந்தக் கொட்டகைகள் தோட்டங்களோடு போய்விட்டன. இப்போது தாய் தொழிற்சாலைக்குப் போகிறாள். பிள்ளை பாட்டியோடு தனியாக இருக்கிறது. பார்க்கிற கண் குறைந்துவிட்டது. பேசுகிற வாய் மட்டும் குறையவில்லை.

நாம் கேட்பது

தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் கிளினிக்கில் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். ஈறு, நாக்கின் அடி, உதட்டின் உள்பக்கம் பார்க்க ஒரு நிமிடம் போதும். நரம்புக் குறை உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளையானால், பல் முளைக்குமுன்பே பல் டாக்டரைக் காட்ட வேண்டும். காயம் வந்த பிறகு கடிதம் எழுதுவதைவிட அது மேல்.

மூளைக் குறை வராமல் தடுக்கக்கூடியதைத் தடுக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு ஜி-6-பி-டி குறை உண்டா என்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பார்க்கிறார்கள். உண்டு என்றால் துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடக் கூடாது. மஞ்சள் காமாலை கண்டால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. முற்றிய காமாலை மூளையில் ஏறினால் திரும்பாது.

சமூகநல இலாகாவின் பி.டி.கே. நிலையங்கள் 1984இல் கோல திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவின. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வாய்ப் பாதுகாப்பிலும் ஊட்டும் முறையிலும் பயிற்சி வேண்டும். தமிழ்நாட்டில் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் கிராமத்துப் பெண்களை உருவாக்கியிருக்கிறது. ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர். அவரால் முடிந்தது, கை கால் நன்றாக உள்ள நம்மால் முடியாதா? இங்கேயும் ஆள் இல்லாமல் இல்லை. ஈப்போ மருத்துவமனையில் குழந்தைப் பிரிவின் தலைவராக இருந்த டத்தோ டாக்டர் அமர்-சிங், மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் உதவ வேண்டும் என்று பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வருகிறார். கேட்க நாம்தான் இல்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். ஓ.கே.யு. கார்டுக்குப் பதிவு செய்ய வெட்கப்படாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் பாரத்தைச் சமூகநல இலாகாவில் கொடுக்க வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்குச் சுகாதார சேவை பெறும் உரிமை உண்டு என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கார்டு என்பது பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் முத்திரை அல்ல. ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்கும் சாவி. அதற்கும் முன்னால் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்தக் கதவும் சுலபமாகத் திறப்பதில்லை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு கோரிக்கை. இப்படிப்பட்ட பிள்ளையை மாதம் இருமுறை, மும்முறை ஈப்போவுக்குக் கொண்டுபோக வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். உள்தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வருவதே ஒரு பயணம். ஒவ்வொரு பயணத்துக்கும் தாய்க்கு ஒருநாள் சம்பளம் போகிறது. அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் இதற்கென்று சம்பளத்தோடு லீவு கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுக்கப் போகிறார்கள்? ஒரு தோட்டத்தில் ஒருவர், அல்லது அதுவும் இல்லை. கோயில் கமிட்டிக்கும் சொல்கிறோம்: திருவிழாவுக்கு வேன் பிடிக்கத் தெரிந்த நமக்கு, ஒரு பிள்ளைக்காக மாதத்தில் இரண்டு நாள் ஒரு மோட்டார் காரை ஏற்பாடு செய்யத் தெரியாதா?

கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரருக்கு. உங்கள் லயத்திலோ தாமானிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள். "யார் அடித்தது?" என்று கேட்காதீர்கள். "எப்போ ஆஸ்பத்திரிக்குப் போறே? நானும் வரேன்" என்று சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு மருந்தில் பாதி அதுதான்.

அழுத பிள்ளை பால் குடிக்கட்டும். அழத் தெரியாத பிள்ளைக்காக நாம்தான் வாய் திறக்க வேண்டும்.